ஹெபடைடிஸ் சி மருந்து ஆய்வில் சேரலாமா? கையெழுத்துப் போடும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஒருவரிடம் பெரியாஸ்பத்திரியில் கேட்கிறார்கள்: "கல்லீரலைக் கெடுக்கும் கிருமி நோயான ஹெபடைடிஸ் சிக்கு மருந்து ஆய்வு ஒன்று நடக்கிறது, சேருகிறீர்களா?" வீட்டில் ஒருவர் "சோதனை எலியாக்கிடுவாங்க" என்பார். இன்னொருவர் "டாக்டரே சொல்றார், போடு கையெழுத்த" என்பார். இரண்டு பேச்சையும் ஒதுக்கிவிட்டு இப்படிப் போங்கள்.

1. கிருமி இப்போதும் இருக்கிறதா?
விரலில் குத்திப் பார்க்கும் சோதனை, கிருமி என்றோ உடம்புக்குள் வந்ததைத்தான் காட்டும். சிலருக்கு அது தானாகவே போயிருக்கும். கிருமி இப்போது ரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் ஆர்.என்.ஏ. ரத்தப் பரிசோதனையின் முடிவைக் கேளுங்கள். கல்லீரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

2. சேராவிட்டால் எனக்கு என்ன கிடைக்கும்?
எல்லாக் கேள்வியிலும் இதுதான் பெரியது. முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தவர்களைப் பார்த்த பயம் இன்னும் பலருக்கு உண்டு. அந்தக் காலம் போய்விட்டது. 2017-இல் மலேசிய அரசு, காப்புரிமையைத் தாண்டி, சோஃபோஸ்புவிர் மாத்திரையை மலிவாகப் பெற வழிசெய்தது. 2018-இலிருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டாலே போதும், 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாகிறது.

கையில் இப்படி ஒரு மருந்து இருக்கும்போது, ஆய்வு அதைவிட என்ன தரும்? குறைந்த வாரமா, முன்பு மருந்து சாப்பிட்டும் குணமாகாதவர்களுக்கான வழியா? ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை தரும் குழு உண்டா? புது மருந்து பலிக்காவிட்டால் வழக்கமான மருந்தை உடனே தருவார்களா? பதில் மழுப்பலாக வந்தால் நான் சேர மாட்டேன்.

ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. ராவிடாஸ்விர் மருந்தை மலேசியாவிலும் தாய்லாந்திலும் நோயாளிகள் சோஃபோஸ்புவிருடன் சாப்பிட்டுப் பார்த்ததால்தான் 2021-இல் அது இங்கே பதிவானது.

3. ஒப்புதல் தாளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்
தமிழில் விளக்கத்தாள் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்ட பிறகே ஒப்புதல் வாங்க வேண்டும். நோயாளிகளின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி, உடம்புக்கு ஏதாவது ஆனால் இழப்பீடு யார் பொறுப்பு, ராத்திரியில் கூப்பிடும் எண் ஆகிய மூன்றையும் தாளில் தேடுங்கள். பாதியில் விலகலாம்; அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

4. நாள் சம்பளக் கணக்கு
ஆய்வு என்றால் வழக்கத்தைவிட அதிகத் தடவை ரத்தம் எடுப்பார்கள். ஈப்போவுக்குப் போய்வந்தால் ஒரு நாள் செம்பனை வேலை போச்சு. பஸ் காசு தருவார்களா, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். என்ன நோய் என்று மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) சொல்ல வேண்டியதில்லை.

5. சாப்பிடுவதையெல்லாம் சொல்லுங்கள்
பாட்டி அரைத்துத் தரும் கீழாநெல்லியையும் சேர்த்துத்தான். "செடிதானே" என்று மறைக்காதீர்கள். இதய மாத்திரை அமியோடரோன் சோஃபோஸ்புவிருடன் சேர்ந்தால் நாடித்துடிப்பு ஆபத்தாகக் குறையலாம். ஹெபடைடிஸ் பி இருந்தால் சி சிகிச்சையின்போது அது தலைதூக்கலாம். அந்தப் பரிசோதனையும் ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

6. சேர்ந்துவிட்டால்
கடைசி மாத்திரைக்கு 12 வாரம் கழித்து எடுக்கும் ரத்தம்தான் குணமானதா என்று சொல்லும். அந்தத் தேதியை முதல் நாளே காலண்டரில் எழுதிவிடுங்கள். குணமானவருக்கும் ரத்தம் வழியாக மறுபடி தொற்றலாம் என்பதால், சவர பிளேடை வீட்டில் யாரோடும் பகிர வேண்டாம்.