இளவயதுப் பிரசவம்: வீட்டார் செய்யக் கூடாதவை

பதினெட்டு நிறையாத பெண் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் வீட்டாருக்கு முதலில் வருவது போலீஸ் பயம். ஐந்தாறு மாதம் மறைக்கிறார்கள். பிறகு வெளியூர் ஆஸ்பத்திரியில் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்க்கிறார்கள். மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு இதுதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். அதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது. உண்மையான வயது தெரிந்தால்தான் இடுப்பெலும்பின் வளர்ச்சியையும் ரத்த அழுத்தத்தையும் டாக்டர் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார். கர்ப்பம் வேண்டாமென்றால் மைனர் பெண்ணுக்குச் சட்டம் 24 வாரம் வரை இடம் தருகிறது. மெடிக்கல் கடையில் ரகசியமாக வாங்கித் தின்னும் மாத்திரை ரத்தப்போக்கில் உயிரையே எடுத்துவிடும்.

19 வயதாகாதவருக்கு தமிழக அரசின் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இல்லை என்பதால் கர்ப்பத்தைப் பதியாமலே விடுவதும் நடக்கிறது. பரிசோதனை, மாத்திரை, பிரசவம் எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம்தான். 12 வாரத்துக்குள் ஊர் நர்ஸம்மாவிடம் பதிந்துவிடுங்கள்.

அடுத்தது ரத்தசோகை. வளரும் உடம்புக்கே இரும்புச்சத்து போதாதபோது வயிற்றுப் பிள்ளைக்கும் அதில் பங்கு போகிறது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் ஆபத்து. நாலாம் மாதம் முதல் இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். டீ, காபியோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையைத் தனி வேளைக்கு வையுங்கள். மலம் கறுப்பது இயல்பு, அதற்காக நிறுத்த வேண்டாம். உளுந்தங்களியும் முருங்கைக்கீரையும் நல்லவை, ஆனால் மாத்திரைக்கு ஈடாகா. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் கர்ப்பிணியின் மடியில் பீடித்தட்டை வைக்காதீர்கள். புகையிலைத் தூள் மூச்சிலும் தோலிலும் ஏறும்.

விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி வந்தால் திருஷ்டி கழித்துக் காத்திருக்காதீர்கள். அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே எச்சரிக்கை. இள வயதில் ஜன்னி, அதாவது ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு, வரும் வாய்ப்பும் அதிகம். வலிப்பு வந்துவிட்டால் இரும்புச் சாவியைக் கையில் திணிக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்க வேண்டாம், உடனே 108.

பிள்ளை பிறந்ததும் ஆச்சி சேனை தொட்டு வைப்பது, அதாவது நாக்கில் இனிப்பைத் தடவுவது, நம்மூர் வழக்கம். இளம் தாயின் குழந்தை குறைமாதமாகவோ இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகவோ பிறக்கும் வாய்ப்பு கூடுதல். அந்த உடம்புக்குக் கிருமித் தொற்றைத் தாங்கும் வலு இல்லை. சீனித்தண்ணி, தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். சப்ப வலுவில்லாவிட்டால் பீய்ச்சிப் பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்), இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அன்றைக்கே குளிப்பாட்டாமல், துணியில்லாத நெஞ்சோடு தாய் அணைத்து வைத்திருக்கட்டும். சாம்பிராணிப் புகையும் கூடாது.

பெற்றவளுக்குப் பத்தியம் என்று தண்ணீரையும் காயையும் குறைப்பது கொடுமை. அவளுக்கே இன்னும் வளரும் வயசு. அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருடம் விட வேண்டும்; கருத்தடைக்கான காப்பர் டி-யைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போடலாம். டிஸ்சார்ஜுக்கு முன்பே, அவளிடமே பேசி, அவள் சம்மதத்தோடு முடிவு செய்யச் சொல்லுங்கள்.