லீடர் கையில் சாக்பீஸ்: நடுநிலை வகுப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருடா வருடம் எங்கள் பள்ளிக்கு பி.எட். பயிற்சிக்காக நாலைந்து பேர் வருவார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான் செய்ததை, வந்த மூன்றாம் நாளே அவர்களில் ஒருவர் அச்சு அசலாகச் செய்வார். இந்த முறை ஒரு பயிற்சி ஆசிரியை, ஏழாம் வகுப்பு லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்து, "மிஸ் ஸ்டாஃப் ரூம் போயிட்டு வர்றேன், பேசுறவங்க பேரை எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைப் பார்த்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

அடிக்காதீர்கள், திட்டாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே தடை செய்துவிட்டது. பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் நல்ல எண்ணத்தோடு நாம் செய்து கெடுக்கிறவை வேறு.

கதை முடிந்ததும் நீதி கேட்பது

நீதிபோதனை வகுப்பில் ஒரு கதை சொல்லி, "இதிலிருந்து என்ன தெரியுது?" என்று கேட்டுப் பாருங்கள். மொத்த வகுப்பும் ராகம் போட்டு "பொய் சொல்லக் கூடாது சாஆஆர்" என்னும். முந்தின பாடவேளையில் காப்பியடித்தவன் குரல்தான் அதில் தூக்கலாகக் கேட்கும்.

1920களின் கடைசியில் அமெரிக்காவில் ஹார்ட்ஷார்ன், மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். பிள்ளைகளின் விடைத்தாளை ரகசியமாக நகல் எடுத்து வைத்துக்கொண்டு, விடைகளையும் கையில் கொடுத்து, அவர்களையே திருத்தச் சொன்னார்கள். இப்படிப் பல விதமான சோதனைகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம். ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளையே இன்னோரிடத்தில் ஏமாற்றியது. எது சரி என்று வாயால் சொல்லத் தெரிந்ததற்கும் நடந்துகொண்ட விதத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

என் வகுப்பில் நகலெல்லாம் தேவைப்படவில்லை. சொல்வதெழுதுதலை அவர்களையே திருத்தச் சொன்னால், தப்பான எழுத்தின் மேல் அதே நீலப் பேனாவில் ஒரு புள்ளியோ கொம்போ முளைத்துவிடும். எல்லாப் பேனாவையும் என் மேசையில் வைத்துவிட்டுப் பென்சிலால் திருத்துங்கள் என்றேன். ஒரு கதையும் சொல்லாமலே முக்கால்வாசி நின்றுபோனது.

பேர் எழுத வைப்பது

இதுதான் நான் செய்ததிலேயே பெரிய தவறு.

அந்தக் கரும்பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடது மூலையில் பதிவு, வருகை. வலது பக்கம் 'பேசியவர்கள்' என்று தலைப்பு, கீழே பேர்கள். திரும்பப் பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் மேலே போனால் 'அடங்கவில்லை'. உச்சக்கட்டம் 'மி.மி. அடங்கவில்லை'. திரும்பி வந்து பட்டியலைப் பார்த்து வராந்தாவில் முட்டி போடச் சொல்வது என் வேலை. சொல்லியிருக்கிறேன், மறைக்கவில்லை.

என் முதல் பள்ளியில், ஏழாம் வகுப்பில், ஒரு பையன் பேர் தினமும் 'மி.மி.'யோடு வரும். நான் வகுப்பில் இருக்கும்போது கடைசி பெஞ்சில் அவன் இருப்பதே தெரியாது. அதைப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. லீடர் முதல் ரேங்க், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், அவன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பையன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். 'பதிவு 36, வருகை 35' என்று லீடர் நான்கு நாள் ஒழுங்காக எழுதினான்.

ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவன் அக்காதான் வாசலில் நின்று சொன்னாள். "லீடருக்கு ஏதாச்சும் வாங்கித் தரணுமாம் சார். இவன்கிட்ட ஏது காசு?"

விசாரித்தால், விலைப்பட்டியலே இருந்தது. பேரை அழிக்க ஒரு தேன்மிட்டாய். பெருக்கல் குறி விழுந்துவிட்டால் மாங்காய்க் கீற்று, மிளகாய்த் தூள் போட்டது. வகுப்பு முழுக்கத் தெரிந்த விஷயம், எனக்கு மட்டும் தெரியாது. அந்த மாதம்தான் 'வாய்மை' அதிகாரத்தை உருகி உருகி நடத்திக்கொண்டிருந்தேன்.

லீடர் கெட்ட பையன் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் போலீஸ் வேலையையும் ஜட்ஜ் வேலையையும் சேர்த்துக் கொடுத்தவன் நான்தான். அவன் லஞ்சம் வாங்கக் கற்றான், மற்றவர்கள் கொடுக்கக் கற்றார்கள். கொடுக்க வழியில்லாதவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டான். சமாதானம் பேசி அவனைத் திரும்ப அழைத்து வந்துவிட்டேன். ஆனால் எட்டாம் வகுப்பு முடித்து டி.சி. வாங்கிப் போகும் வரை அவனாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதற்காகத்தான் அவனை முட்டி போட வைத்திருந்தேன்.

லீடர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நோட்டுகளை அடுக்கட்டும், வருகையை எழுதட்டும், தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். வாரம் ஒருவர் என்று மாற்றுங்கள். நீங்கள் வெளியே போகிற பத்து நிமிடத்துக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போங்கள். அப்புறம், போட்டுக்கொடுப்பது வேறு, உதவி கேட்பது வேறு என்பதை இந்த வயதில் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். "அவன் பேசினான் மிஸ்" என்பது போட்டுக்கொடுப்பது. "அவனை ரெண்டு பேர் பாத்ரூம் பக்கம் மிரட்டுறாங்க" என்பது உதவி கேட்பது. முதலாவதற்குக் காது கொடுத்துப் பழக்கினால், இரண்டாவது உங்கள் காதுக்கு வரவே வராது.

ஸ்டார் ஒட்டுவது

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், தாமாகவே ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன்பின் அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்துபோனது. கீழே கிடந்த பேப்பரை எடுத்துப் போட்டவனுக்கு நான் ஒரு ஸ்டார் ஒட்டினேன். மறுநாள் அவனே பேப்பரைக் கிழித்துப் போட்டு, அவனே எடுத்தான்.

"சாரி சொல்லு"

சொல்வான். அதோடு சரி.

திருக்குறளை இம்போசிஷன் கொடுப்பது

வள்ளுவர் என்ன பாவம் செய்தார்?

பையைக் கொட்டிச் சோதிப்பது

பாதி நேரம், காணோம் என்று அழுத பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸ் வீட்டிலேயே இருக்கும். இல்லை, நிஜமாகவே யாரோ எடுத்துவிட்டார்கள் என்றால், "நாளைக் காலை பிரேயருக்குள் என் மேசை டிராயரில் இருந்தால் போதும், யார் என்று கேட்க மாட்டேன்" என்பேன். பெரும்பாலும் வந்துவிடும். ஒரே நிபந்தனை, அப்புறம் நிஜமாகவே கேட்கக் கூடாது. ஒரு தடவை ஆர்வக்கோளாறில் கேட்டுத் தொலைத்தேன். அந்த வருடம் அதற்குமேல் டிராயருக்கு எதுவும் வரவில்லை.

நாம் மட்டும் தாமதமாக வருவது

கேட் அருகே நிற்க வைத்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தப் பயிற்சி ஆசிரியையிடம் இதையெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். "அப்போ நான் வெளியே போனா கிளாஸை யார் சார் பாத்துக்கிறது?" என்று கேட்டார். "யாரும் வேண்டாம்மா, பேசட்டும்" என்றேன். மறுநாள் சாக்பீஸைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு போனார். ஏழாம் வகுப்புச் சத்தம் ஹெச்.எம். அறை வரை கேட்டிருக்கிறது. ஹெச்.எம். கூப்பிட்டு விசாரித்தது என்னைத்தான்.