முதன்முதலாகத் தக்கைத் தூண்டில் போடுகிறவர்களுக்கு

தூண்டில் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்த இரைக்கு மீன் கடிக்கும்?” என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, “ஆழம் பார்த்தீர்களா?” என்று. மீன் தரையோடு மேய்ந்துகொண்டிருக்கும்போது அதன் தலைக்கு இரண்டு முழம் மேலே தொங்கும் புழு எவ்வளவு நல்ல புழுவாக இருந்தாலும் வீண்தான். அதனால் இந்த விளக்கத்தில் ஆழம் பார்ப்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே சொல்வது கரையில் உட்கார்ந்து, நூல் சுற்றும் ரீல் இல்லாத கம்பால், மீன் கொத்துவதைக் காட்டும் மிதவையான தக்கையைக் கட்டி மீன் பிடிக்கும் முறை. ஏரிக்கும் மெதுவாக ஓடும் ஆற்றுக்கும் பொருந்தும்.

என்னென்ன வேண்டும்

3 முதல் 4 மீட்டர் நீளமுள்ள கம்பு. மூங்கிலோ, ஒன்றுக்குள் ஒன்று செருகி நீட்டும் ஃபைபர் கம்போ, எதுவானாலும் சரி. ரீலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ரீல் இருந்தால் பழகுகிறவரின் கவனமெல்லாம் தூர வீசுவதிலும் சிக்கெடுப்பதிலும் போய்விடும். கரையை ஒட்டியே நிறைய மீன் மேயும்.

நரம்பு, அதாவது தூண்டிலுக்கான நைலான் நூல், 0.20 மில்லிமீட்டர் தடிமன் போதும். கம்பின் நுனியில் கட்டி, கம்பின் நீளத்தைவிட ஒரு சாண் குறைவாக விடுங்கள். கம்பைத் தூக்கினால் மீன் நேராகக் கைக்கு வரும். முள் கட்டும் கடைசி இரண்டு சாண் மட்டும் 0.16 மில்லிமீட்டர் நரம்பாக இருக்கட்டும். எங்காவது சிக்கி அறுந்தால் முள் மட்டும் போகும், தக்கை தப்பிவிடும்.

முள் 10 அல்லது 12ஆம் எண். எண் கூடக் கூட முள் சிறியதாகும், கடையில் கேட்கும்போது இதை மறந்துவிடாதீர்கள். முள்ளின் உட்பக்கம் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூர்முனையை மூக்குக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீன் வாயிலிருந்து எடுப்பதும் எளிது, உங்கள் விரலில் ஏறினாலும் எடுப்பது எளிது.

அப்புறம் ஒல்லியான தக்கை ஒன்று, நடுவில் பிளந்த சிறு குண்டுகள், பிடியுள்ள சிறு வலை, கத்தரி. குண்டு வாங்கும்போது ஈயத்தைத் தவிர்த்து வெள்ளீயமோ டங்ஸ்டனோ வாங்கச் சொல்வேன். வாத்தும் அன்னமும் இரையை அரைப்பதற்காகக் கூழாங்கல் விழுங்கும். கரையில் சிந்திய ஈயக்குண்டையும் கல் என்று விழுங்கி, நஞ்சேறிச் செத்துப்போகும். பிரிட்டனில் அன்னங்கள் இப்படி மடிந்ததால்தான் 1987இல் சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை வந்தது.

முடிச்சு

நரம்பின் நுனியை முள்ளின் காதுக்குள் விட்டு ஒரு சாண் வெளியே இழுங்கள். அந்த நுனியை நரம்பின் மேலேயே ஆறு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு காதுக்குப் பக்கத்தில் உண்டாகியிருக்கும் சின்ன வளையத்துக்குள் நுனியை நுழையுங்கள். இப்போது ஒரு பெரிய வளையம் உருவாகியிருக்கும், அதற்குள்ளும் ஒருமுறை நுழையுங்கள். எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்குங்கள். ஈரமாக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் பலமிழந்துவிடும். சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஏறியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

மீனோடு முள் போய்விட்டால் மிச்சமிருக்கும் நரம்பு நுனியைப் பாருங்கள். சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. நேராக இருந்தால் பெரும்பாலும் நரம்பே அறுந்திருக்கிறது.

இடம் பார்ப்பது

கம்பை நீட்டுவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். மேலே மின்கம்பி போனால் அங்கே உட்கார வேண்டாம், குறைந்தது 30 மீட்டராவது தள்ளிப் போங்கள். கார்பன் கம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கம்பி மேலே படாமல் நெருங்கினாலே மின்சாரம் பாயலாம். இடி கேட்டால் கம்பைக் கீழே போட்டுவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். அணைக்கும் மதகுக்கும் கீழே உட்காராதீர்கள், தண்ணீர் திடீரென்று திறந்துவிடப்படும். நீச்சல் தெரியாதவர்கள் கரையில்கூட உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. அந்த நீர்நிலையில் மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு வேண்டுமா, இனப்பெருக்கக் காலத் தடை இருக்கிறதா என்றும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏரியில் நாணல் ஓரம், அல்லி இலைகளின் விளிம்பு, விழுந்து கிடக்கும் மரம், ஓடை வந்து கலக்கும் வாய் இவையெல்லாம் நல்ல இடங்கள். ஆற்றில் வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசும் கோட்டைத் தேடுங்கள். மீன் மெதுவான பக்கம் நின்றுகொண்டு, வேகமான பக்கம் அடித்துவரும் இரையைப் பிடிக்கும்.

மெதுவாக நடந்து வந்து, தாழ்வாக உட்காருங்கள். மீனின் இரு விலாவிலும் ஓடும் கோடு தண்ணீரின் அதிர்வை உணரும் உறுப்பு. கரையில் தொம் தொம் என்று நடப்பது அதற்குத் தெரியும். தண்ணீருக்கு மேலே உள்ளதை மீன் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள்தான் பார்க்கும். ஒளி வளைவதால் அந்தப் பார்வை ஏறக்குறைய 97 டிகிரிக் கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. வட்டத்தின் விளிம்பில் தாழ்வாக இருப்பவை நசுங்கி மங்கலாகத் தெரியும். நின்றுகொண்டிருப்பவரைவிட உட்கார்ந்திருப்பவர் மறைவாக இருப்பது இதனால்தான்.

குண்டு போடுவது

தக்கையை நரம்பில் மாட்டி, வண்ண நுனி மட்டும் வெளியே தெரியும்வரை குண்டுகளைச் சேருங்கள். தக்கை அதிகம் வெளியே நின்றால் மீன் அதை இழுத்து அமுக்க வேண்டியிருக்கும். அந்தக் கனம் தெரிந்ததும் இரையைத் துப்பிவிடும். நின்ற தண்ணீரில் பெரும்பாலான குண்டுகளை முள்ளுக்கு இரண்டு சாண் மேலே சேர்த்துப் போடுங்கள். கடைசிச் சின்னக் குண்டு ஒன்றை மட்டும் முள்ளுக்கு 10, 15 சென்டிமீட்டர் மேலே போடுங்கள். மீன் கொத்துவதைக் காட்டிக்கொடுப்பது அந்தச் சின்னக் குண்டுதான். ஓடும் தண்ணீரில் எல்லாவற்றையும் இடைவெளி விட்டுப் பரப்பிப் போடலாம்.

ஆழம் பார்ப்பது

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பார்கள். தூண்டிலுக்கும் அதுதான்.

தக்கையை முழுதாக அமிழ்த்தும் அளவுக்குக் கனமான குண்டு ஒன்றை முள்ளில் தற்காலிகமாக மாட்டுங்கள். தக்கையை ஏதோ ஓர் உயரத்தில் வைத்து, நீங்கள் மீன் பிடிக்கப்போகும் அதே இடத்தில் மெதுவாக இறக்குங்கள். நரம்பு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் அளவு தப்பு.

தக்கை முழுதாக முங்கிவிட்டால் தண்ணீர் நீங்கள் நினைத்ததைவிட ஆழம், தக்கையைக் கம்பு நுனியை நோக்கி நகர்த்துங்கள். தக்கை படுத்துக்கொண்டால் ஆழம் குறைவு, முள்ளை நோக்கி இறக்குங்கள். வண்ண நுனி மட்டும் சரியாக வெளியே நிற்கும்போது முள் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு முழம் இடது பக்கம், ஒரு முழம் வலது பக்கம், கொஞ்சம் கிட்டே, கொஞ்சம் தள்ளி என்று நாலைந்து இடம் இறக்கிப் பாருங்கள். கரையிலிருந்து தரை சரிவாக இறங்குகிறதா, திடீரென்று பள்ளமாகிறதா, எங்கே சமமாகிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமலே புலப்படும். நான் முதலில் தேடுவது சரிவு முடிந்து தரை சமமாகும் இடத்தை. மேலேயிருந்து சரிந்து வரும் தீனி அங்கேதான் தேங்கும், மீனும் அந்த ஓரமாகவே போய்வரும். குண்டை இறக்கி எடுக்கும்போது கையில் தெரியும் உணர்வையும் கவனியுங்கள். கல் தரையில் டக்கென்று தட்டும். சேற்றில் ஒட்டிப் பிடித்து விடும். பாசி இருந்தால் முள்ளோடு கொஞ்சம் மேலே வரும்.

இடம் முடிவானதும் முள்ளைக் கம்பின் அடிப்பகுதியில் வைத்து நரம்பை நீட்டி, தக்கை எங்கே வருகிறதோ அங்கே கம்பில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தக்கை நழுவினாலும், நரம்பு அறுந்தாலும், மறுபடி ஆழம் பார்த்து மீனைக் கலைக்க வேண்டியதில்லை.

முதலில் முள் தரையில் லேசாகப் படும்படி ஆரம்பியுங்கள். கால் மணி நேரம் அசைவே இல்லையென்றால் ஒரு சாண் உயர்த்திப் பாருங்கள். இருப்பதிலேயே ஆழமான பள்ளம்தான் நல்லது என்று நினைக்க வேண்டாம். வெயில் காலத்தில் ஆழமான ஏரியின் மேல்நீர் சூடாகி மிதக்க, கீழே குளிர்ந்த நீர் கலக்காமல் தனி அடுக்காகத் தங்கிவிடும். அந்த அடுக்கில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். மீன் நடுமட்டத்துக்கு வந்துவிடும், உங்கள் புழுவும் அங்கேதான் தொங்க வேண்டும்.

ஆற்றில் ஒரு சின்ன வித்தியாசம். மேல்நீர் வேகமாகவும் தரையை ஒட்டிய நீர் மெதுவாகவும் ஓடும். தக்கையை அதன் போக்கில் விட்டால் அது முன்னே ஓடி இரையை இழுத்துக்கொண்டு போகும். அதனால் கம்பால் தக்கையை லேசாகப் பிடித்து வையுங்கள். இரை முன்னால் போகும், தக்கை பின்னால் வரும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தக்கை முங்கினால் அங்கே தரை மேடாக இருக்கலாம்.

நேரம், இரை

காலையும் மாலையும் நல்ல நேரம். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் சுமார் 7.5தான். பாசி மண்டிய குளத்தில் மட்டும் பொழுது புலர்ந்ததும் அவசரப்படாதீர்கள். இரவெல்லாம் செடிகளும் சுவாசிப்பதால் விடியும்போதுதான் அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு. வெயில் ஏறி ஓரிரு மணி நேரம் போகட்டும்.

இரைக்கு மண்புழு போதும், கெண்டை, ஜிலேபி, கெளுத்தி எல்லாம் எடுக்கும். முழுப் புழுவை உருட்டிக் கோக்காமல், நடுவில் ஒரே இடத்தில் குத்தி இரு முனையும் நெளியவிடுங்கள். தக்கையைச் சுற்றி நறுக்கிய புழுவைக் கொஞ்சமாக அடிக்கடி தூவுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் மீன் வயிறு நிறைந்து போய்விடும்.

தக்கை சொல்வதும் சுண்டுவதும்

தக்கை துடித்துத் துடித்து நின்றால் பொடி மீன் புழுவைக் கடித்துப் பிய்க்கிறது, காத்திருங்கள். நிதானமாக ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே சாய்ந்து இறங்கினால், முள் மாட்டும்படி கம்பைச் சுண்டுங்கள். பழகாதவர்கள் தவறவிடுவது, தக்கை முங்காமல் மேலே எழும்பி மல்லாந்து படுப்பதை. தரையில் மேயும் கெண்டை குனிந்து இரையை எடுத்து நிமிரும்போது கடைசிச் சின்னக் குண்டும் சேர்ந்து எழும்பும். கனம் குறைந்த தக்கை உயரும். அதுவும் கொத்துதான், உடனே சுண்டுங்கள்.

சுண்டுவதற்கு மணிக்கட்டை ஒரு சாண் உயர்த்தினால் போதும். முழுக்கையையும் வீசினால் மீன் வாய் கிழியும், இல்லையென்றால் முள் வந்து மேலே மரக்கிளையில் தொங்கும்.

மீன் மாட்டியதும்

கம்பை மீனை நோக்கி நீட்டாமல் உயர்த்தி வளைந்த நிலையிலேயே வையுங்கள். வளைவுதான் இழுப்பைத் தாங்கும். மீன் களைத்ததும் வலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து மீனை அதன் மேல் கொண்டுவாருங்கள், வலையால் மீனைத் துரத்தாதீர்கள்.

தொடும் முன் கையை நனையுங்கள். உலர்ந்த கையும் சுடு மணலும் மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். அந்தப் படலம்தான் நோய்க்கிருமிகளுக்கு எதிரான காப்பு. கெளுத்தி வகைகளிடம் ஜாக்கிரதை: முதுகுத் துடுப்பிலும் இரு பக்கத் துடுப்பிலும் கூரான முள் உண்டு, சில இனங்களில் விஷமும் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணி நேரத்துக்கு மேல் கையை முக்கி வைத்தால் வலி தணியும். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போங்கள்.

திருப்பி விடுவதாக இருந்தால் தண்ணீருக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு நொடியும் கணக்கு. 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வில், களைக்கும்வரை ஓடவைத்த டிரௌட் மீன்களில் காற்றில் வைக்காமல் விட்டவற்றில் 12 சதவீதம் இறந்தன. 30 நொடி காற்றில் வைத்தவற்றில் 38, 60 நொடி வைத்தவற்றில் 72 சதவீதம். ஆகவே படம் எடுக்க வேண்டுமானால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு அப்புறம் மீனைத் தூக்குங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் நோண்ட வேண்டாம், வாயருகே நரம்பை வெட்டிவிடுங்கள். விடும்போது தூக்கி எறியாமல் தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்திருங்கள். தெம்பு வந்ததும் தானாகக் கையை விட்டுப் போகும்.

கிளம்பும் முன்

வெட்டிய நரம்பு ஒரு துண்டுகூடக் கரையில் கிடக்கக் கூடாது. பறவைக் காலில் சுற்றினால் இறுகி அறுக்கும். வீட்டுக்கு எடுத்துப்போய் விரல் நீளத்துக்கு நறுக்கிக் குப்பையில் போடுங்கள். வலையையும் காலணியையும் கழுவி, முழுதாகக் காயவைத்த பிறகே அடுத்த நீர்நிலைக்குக் கொண்டுபோங்கள். ஈரத்தில் ஒட்டியிருக்கும் பாசித் துண்டும் சிப்பிக் குஞ்சும் புது ஏரியில் பரவிவிடும். தூண்டில் முள் நுனியை நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். கீறினால் வைத்துக்கொள்ளலாம், வழுக்கினால் அடுத்த முறைக்குப் புது முள் கட்டிவிடுங்கள்.