தேயிலை மலையில் ஓர் ஓரியன்டியரிங் போட்டி நடத்த

ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோட்டைக் கரும்பலகையில் எத்தனை தரம் வரைந்தாலும் பிள்ளைகளுக்குக் கொட்டாவிதான் வரும். வரைபடத்தைக் கையில் கொடுத்து மலையில் ஓடவிட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. அதுதான் ஓரியன்டியரிங்: வரைபடத்தில் குறித்த இடங்களில் கட்டியிருக்கும் கொடிகளை வரிசையாகத் தேடிப் பிடித்து ஓடும் போட்டி. தேயிலைக்கு நடுவே மழைநீர் வடியக் குறுக்காக வெட்டிய கான்கள் ஏறக்குறைய சமவுயரக் கோட்டோடுதானே போகின்றன. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அதைத் தாண்டித்தான் நடக்கிறார்கள்.

நீங்களும் நடத்துவதென்றால், எத்தனை கிலோமீற்றர் என்று தொடங்காதீர்கள். எத்தனை நிமிடம் என்று தொடங்குங்கள். உலகச் சாம்பியன்ஷிப்பிலும் முதலாவதாக வருபவர் எவ்வளவு நேரத்தில் முடிக்கவேண்டும் என்பதை வைத்துத்தான் பாதை போடுவார்கள். ஸ்பிரின்ட் என்னும் குறுந்தூரம் 12 முதல் 15 நிமிடம். நடுத்தூரம் 30 முதல் 35. நெடுந்தூரம் ஆண்களுக்கு ஒன்றரை மணியையும் தாண்டும். நேரம் மட்டுமல்ல, சோதிக்கும் விஷயமும் வேறு. நெடுந்தூரத்தில் இரண்டு கொடிகளுக்கு இடையே பெரிய இடைவெளி விட்டு, சுற்றிப் போவதா ஏறிப் போவதா என்று ஓடுபவரையே முடிவெடுக்க விடுவார்கள். நடுத்தூரத்தில் கொடிகள் நெருக்கம், வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாது. ஸ்பிரின்ட் ஊருக்குள்ளே, சந்து பொந்துகளில்.

முதல் தரம் நடத்துபவருக்கு ஸ்பிரின்ட் போதும். பாடசாலை, கோயில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயம், பணிய லயம், இவற்றைச் சுற்றியே ஒரு பாதை போடலாம். 1:4,000 அளவில் வரைந்தால் வாசல்படி வரைக்கும் காட்டலாம். லயத்து ஆட்களின் மரக்கறிப் பாத்திகளுக்கு ஒலிவ் பச்சை நிறம் பூசுங்கள். அந்த நிறத்துக்குள் கால் வைத்தால் போட்டியிலிருந்து நீக்கம் என்பது சர்வதேச விதி. கரட் பாத்தியை மிதித்துவிட்டு அடுத்த வருடம் அங்கே போய்க் கேட்க முடியாது என்பது நம் ஊர் விதி.

நடுத்தூரத்தை மேலே, தேயிலைக்குள் வையுங்கள். மொத்த ஏற்றம், ஓடக்கூடிய மிகக் குறுகிய பாதையின் நீளத்தில் 4 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று சர்வதேச விதிகள் சொல்கின்றன. 3 கிலோமீற்றருக்கு 120 மீற்றர். இந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்கு வரவே அதைவிட அதிகமாக ஏறுகிறார்கள். ஆனாலும் விதியில் நியாயம் இருக்கிறது. செங்குத்தாக ஏறவிட்டால் மூச்சுப் பலம் உள்ளவன் வெல்வான், வரைபடம் படிக்கத் தெரிந்தவன் தோற்பான். ஆகவே பாதையை மலையின் இடுப்பைச் சுற்றிப் போடுங்கள். கான் முடியும் இடம், பெரிய பாறை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, கொழுந்து நிறுக்கும் மடுவம், இவை கொடி கட்ட நல்ல இடங்கள்.

கொடி என்பது 30 சென்ரிமீற்றர் சதுரம் மூன்றைச் சேர்த்துத் தைத்தது. ஒவ்வொரு சதுரமும் மூலைக்கு மூலை பிரித்துப் பாதி செம்மஞ்சள், பாதி வெள்ளை. பெரிய போட்டிகளில் இலத்திரனியல் சில்லு பதிவு செய்துவிடும். நான் ஒவ்வொரு கொடியிலும் வேறு வேறு நிறக் கிரேயோன் கட்டிவைக்கிறேன், ஓடுபவர் தன் அட்டையில் அதால் கீறிக்கொண்டு ஓடவேண்டும். மெழுகு மழைக்கும் கரையாது. ஒரு கொடி விடுபட்டாலும், வரிசை மாறினாலும், எவ்வளவு வேகமாக வந்தாலும் முடிவுப் பட்டியலில் இடம் கிடையாது. இதைப் புறப்படும் முன் இரண்டு தரம் சொல்லுங்கள்.

கொடி இலக்கங்கள் 31இலிருந்து தொடங்கும். 66, 68, 86, 89, 98, 99 வேண்டாம் என்பார்கள். நான் அதைப் பொருட்படுத்தாமல் ஒரு கான் முனையில் 68 என்று எழுதிக் கட்டினேன். காற்றில் அட்டை தலைகீழாகத் திரும்பிவிட்டது. முன்னணியில் வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை 89 என்று வாசித்து, “இது என்னுடையதில்லை” என்று அடுத்த கானுக்கு இறங்கிவிட்டாள். இருபது நிமிடம் கழித்து அழுதுகொண்டே வந்தாள். பிழை என்னுடையது. அந்தப் போட்டியை ரத்துச் செய்து அடுத்த கிழமை மறுபடி நடத்தினேன்.

புறப்பாட்டில் ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு அனுப்புங்கள், ஸ்பிரின்டுக்கு ஒரு நிமிடம், நடுத்தூரத்துக்கு இரண்டு. வரைபடம் புறப்படும் நொடியில்தான் கைக்கு வரவேண்டும். அணிகளாக அஞ்சலோட்டம் வைப்பதென்றால், எல்லாரும் ஒன்றாக ஓடுவதால் முன்னே போகிறவனைப் பின்தொடர ஆசை வரும். அதற்காகச் சில கொடிகளுக்கு அ, ஆ, இ என்று மூன்று கிளைகள் வையுங்கள். ஒவ்வொரு அணியின் மூவரும் ஆளுக்கு ஒன்றாக மூன்றையும் ஓடி முடிப்பார்கள், ஆனால் எந்த வரிசையில் என்பது அணிக்கு அணி மாறும்.

போட்டிக்கு முதல் நாள் பாதை முழுவதையும் நீங்களே நடந்து பாருங்கள், முக்கியமாகக் குளவிக்கூட்டுக்காக. கூடு இருந்தால் பாதையை அந்த மலைக்கே கொண்டுபோகாதீர்கள். கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்த மலையும் வேண்டாம், குச்சிகள் காலைக் கிழிக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விசில். பாதியில் நிறுத்தினாலும் முடிவிடத்துக்கு வந்து அட்டையைக் கொடுத்தே ஆகவேண்டும். இரண்டு மணிக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது, அப்போது மேலே யாராவது இருக்கிறார்களா என்பதை அந்த அட்டைகளை எண்ணித்தான் அறிவேன்.