இலை எடை போடும் இடத்தில் ஆபீஸ் பக்கம்: மொபைலுக்குக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியின் (படுகர் கிராமத்தின்) ஓரம், தகரக் கூரை போட்ட எடை போடும் இடம். மாலை மூன்றரை மணிக்கே மிஸ்ட் இறங்கிவிட்டது. பச்சைத் தேயிலைச் சாக்குகள் தராசில் ஏறி இறங்குகின்றன. எடை எழுதும் தம்பி ஒரு கையில் மொபைலைப் பிடித்துக்கொண்டு, ஈரமான கட்டைவிரலால் ‘சேமி’ பட்டனை அழுத்துகிறான். வட்டம் சுற்றுகிறது. மறுபடி அழுத்துகிறான். இன்னும் சுற்றுகிறது. மூன்றாவது முறை அழுத்தியதும் ‘சேமிக்கப்பட்டது’ என்று வருகிறது.

மாதக் கடைசியில் பார்த்தால் அந்த விவசாயியின் கணக்கில் அன்றைய 42 கிலோ மூன்று முறை ஏறியிருந்தது. பேக்டரியில் கண்டுபிடித்து இரண்டைக் கழித்தார்கள். அவருக்கோ, போட்ட இலையில் 84 கிலோவைப் பிடித்துவிட்டார்கள் என்ற வருத்தம். விளக்கிச் சொல்லியும் மனம் ஆறவில்லை. அந்தப் பக்கத்தை அமைத்தவன் நான். தவறு தம்பியுடையதும் இல்லை, சிக்னலுடையதும் இல்லை, என்னுடையது.

தேயிலை பேக்டரி, எஸ்டேட் ஆபீஸ், ரிசார்ட் என்று நீலகிரியில் நிறைய இடங்களில் இப்போது ஆபீஸுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த வெப் பக்கங்களை மொபைல் ஆப் வழியாக வெளியே கொண்டுவருகிறார்கள். இலை எடை, ஆட்களின் வருகைப் பதிவு, ஸ்டோர் இருப்பு, லீவு விண்ணப்பம் எல்லாம் அதில் வருகிறது. பழைய பக்கத்தை அப்படியே ஒரு ஆப்புக்குள் வைத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் பக்கத்தை எழுதியது சர்வருக்கு (பக்கமும் கணக்கும் இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு) அடுத்த மேஜையில், சோதித்தது ஆபீஸ் வைஃபையில். மொபைலோ கேட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. நான் செய்ததும் பார்த்ததுமான தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகின்றன.

முகவரியும் கதவும்

முதல் தவறு, ஆப்புக்குள் 192.168 என்று தொடங்கும் எண்ணை எழுதிவைப்பது. அது ஒவ்வொரு கட்டிடத்துக்குள்ளும் தனியாகப் புழங்கும் எண். உங்கள் ஆபீஸிலும் இருக்கும், எதிரே இருக்கும் பேக்கரியிலும் இருக்கும். கேட்டைத் தாண்டியதும் அதற்கு அர்த்தமே கிடையாது. ரவுட்டரை மாற்றினால் கட்டிடத்துக்குள்ளேயே எண் மாறிப்போகலாம். அப்புறம் நாற்பது மொபைலிலும் ஆப்பைப் புதுப்பிக்க வேண்டும். எண்ணை விட்டுவிட்டு, கம்பெனி டொமைனுக்குக் (கம்பெனியின் இணையப் பெயருக்குக்) கீழ் ஒரு பெயரை வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் எங்கே போனாலும் பெயர் அப்படியே இருக்கும்.

வெளியே இருந்து திறக்கவில்லை என்று புகார் வந்ததும் அடுத்த தவறு தானாக வந்து நிற்கும். ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் ஒரு கதவைத் திறந்து, வருவதையெல்லாம் சர்வருக்குத் தள்ளிவிடுவது. ஐந்து நிமிட வேலை, எல்லோருக்கும் சந்தோஷம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த லிங்க் யாருக்கும் தெரியாதே என்பார்கள். இன்டர்நெட்டில் திறந்திருக்கும் போர்ட்டுகளைத் தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் ஏராளம். அப்படிக் கண்டுபிடித்ததைப் பட்டியல் போட்டுக் காட்டும் ஷோடான் என்ற தேடுபொறியே 2009 முதல் இருக்கிறது. உள்ளே மட்டும் ஓட வேண்டும் என்று எழுதிய பழைய பக்கத்தில் பாதுகாப்பு மெலிதாகத்தான் இருக்கும். அதைத் தெருவில் வைத்துவிட்டு, தெரு பெயர் யாருக்கும் தெரியாது என்று இருப்பது சரியில்லை.

சரியான வழி விபிஎன், அதாவது மொபைலுக்கும் ஆபீஸுக்கும் நடுவே பூட்டிய ஒரு தனிப் பாதை. அதற்கான வயர்கார்டு என்ற மென்பொருள் இலவசம், பழைய மொபைலிலும் லேசாக ஓடும். மலைக்கு அது பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: வைஃபையிலிருந்து டவருக்கும், ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கும் மொபைல் மாறும்போது இணைப்பைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு சிக்னல் மாறும் ரோட்டில் இது பெரிய உதவி. பேக்டரியின் இணைப்புக்குத் வெளியிலிருந்து நேராக வந்து சேரத் தனிப் பொது முகவரி இல்லையென்றால், வாடகைக்கு ஒரு சின்ன கிளவுட் சர்வர் எடுத்து நடுவில் வைக்கலாம். பேக்டரியும் மொபைலும் அதனிடம் வந்து சந்தித்துக்கொள்ளும். ஒவ்வொரு மொபைலுக்கும் விபிஎன்னுக்குள் நுழையத் தனிச் சாவி (ரகசியக் குறியீடு) கொடுங்கள். ஒரே சாவியை எல்லோருக்கும் பகிர்ந்தால், ஒரு மொபைல் பஸ்ஸில் தொலைந்த அன்றைக்கு அத்தனை பேருக்கும் சாவியை மாற்ற வேண்டிவரும்.

பேக்டரிக்குள்ளேயே ஒரு சிக்கல் உண்டு. மழையில் கேபிள் அறுந்து இன்டர்நெட் போய்விடும், வைஃபை மட்டும் இருக்கும். சர்வர் பக்கத்து அறையில்தானே, பக்கம் திறக்க வேண்டும். திறக்காது. வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும் பல ஆண்ட்ராய்டு மொபைல்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ‘இந்த வைஃபையிலேயே இரு’ என்று ஒருமுறை சொல்லிவைக்க வேண்டும். பெயரைக் கொடுத்தால் முகவரி எண்ணைச் சொல்வது டிஎன்எஸ்; மொபைலில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பில் வேறு சர்வரின் பெயரைக் கொடுத்துவைத்திருந்தாலும் ஆபீஸுக்குள் மட்டும் தெரிந்த பெயர் கிடைக்காது. ‘எனக்கு மட்டும் திறக்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

பூட்டு அடையாளம்

உள் பக்கம்தானே, பூட்டில்லாத ஹெச்டிடிபி போதும், பூட்டு அடையாளம் காட்டும் ஹெச்டிடிபிஎஸ் வேண்டாம் என்று விடுவது அடுத்த தவறு. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், அதற்காக எழுதிய ஆப்புகளில் பூட்டில்லாத இணைப்பு இயல்பாகவே தடுக்கப்படும். ஐபோனில் இந்தக் கட்டுப்பாடு 2015-லேயே வந்துவிட்டது. பக்கம் எப்படியோ திறந்தாலும், இருப்பிடம் காட்டுவது, பக்கத்துக்குள்ளேயே கேமராவை ஓட்டுவது, சிக்னல் இல்லாதபோது வேலை செய்வது ஆகியவற்றை ஹெச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்துக்கு பிரவுசர் தருவதில்லை. மேஸ்திரியின் மொபைலில் இருப்பிடம் வரவில்லை என்று ஒரு எஸ்டேட்டில் இரண்டு நாள் ஜிபிஎஸ்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். குறை பூட்டில் இருந்தது.

ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு, இது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்காக நாமே தயாரித்த சான்றிதழைப் போட்டால் கம்ப்யூட்டரில் ஓடும், ஆப்பில் நிற்கும். ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் கையால் சேர்த்த சான்றிதழை ஆப்புகள் இயல்பாக நம்புவதில்லை. இந்த இடத்தில் சிலர் ஆப்பை எழுதியவரிடம் சொல்லி, சான்றிதழ் பிழை எது வந்தாலும் கண்டுகொள்ளாமல் போ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி இருந்தால் பூட்டு வெறும் படம்தான். நடுவில் யார் உட்கார்ந்து பாஸ்வேர்டைப் படித்தாலும் ஆப் ஒன்றும் சொல்லாது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே சான்றிதழ் தருகிறது. டிஎன்எஸ் பதிவு மூலம் சரிபார்க்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் சர்வரை வெளியே திறந்துவைக்கத் தேவையில்லை. அது குறைந்த நாட்களுக்கே செல்லும், அதனால் தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்து, புதுப்பிக்காமல் போனால் உங்களுக்கு மெசேஜ் வருகிற மாதிரியும் வைத்துவிடுங்கள்.

கூகுள் கணக்கால் உள்ளே நுழையும் பக்கமாக இருந்தால் இன்னொன்று. ஆப்புக்குள் பதித்த வெப்வியூவில் (வெப் பக்கத்தைக் காட்டும் ஜன்னலில்) கூகுள் லாகினை அந்த நிறுவனம் 2017-லிருந்தே அனுமதிப்பதில்லை. லாகினுக்கு மட்டும் மொபைலின் பிரவுசரைத் திறந்து, முடிந்ததும் ஆப்புக்குத் திரும்ப வேண்டும்.

சிக்னல் போகும், வரும்

இனி அந்த 42 கிலோ. முதல் முறை அழுத்தியபோதே தகவல் சர்வருக்குப் போய்விட்டது. ‘வந்துவிட்டது’ என்ற பதில்தான் திரும்பும் வழியில் தொலைந்தது. மொபைலுக்கு அது தெரியாது, தம்பிக்கும் தெரியாது. மறுபடி அழுத்தியது நியாயமே. அதைப் புதுப் பதிவாக எடுத்துக்கொண்ட சர்வர்தான் ஏமாந்தது.

பட்டனை ஒருமுறை அழுத்தியதும் மங்கவைத்தால் போதும் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். போதாது. பக்கத்தைப் புதுப்பித்தாலே பட்டன் மறுபடி வந்துவிடும். ஒவ்வொரு எடைக்கும் படிவம் திறக்கும்போதே மொபைல் ஒரு தனி எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்ணோடு போக வேண்டும். சர்வரின் டேட்டாபேஸில் அந்த எண் இரண்டாம் முறை நுழைய முடியாதபடி கட்டுப்பாடு போட வேண்டும். இரண்டாவதாக வந்தால் பிழை என்று திருப்பி அனுப்பாமல், ‘ஏற்கெனவே இருக்கிறது, இதோ ரசீது’ என்று முதல் பதிவின் பதிலையே கொடுக்க வேண்டும். எழுத அரை நாள் வேலை. ஒரு விவசாயியின் நம்பிக்கை அதற்குள் இருக்கிறது.

சிக்னலே இல்லாத இடத்துக்கு, பதிவு முதலில் மொபைலிலேயே சேர வேண்டும். இங்கே நடக்கும் தவறு, இரண்டுக்கும் ஒரே வார்த்தையைக் காட்டுவது. மொபைலில் இருப்பதற்கும் ‘சேமிக்கப்பட்டது’, சர்வருக்குப் போனதற்கும் ‘சேமிக்கப்பட்டது’ என்றால் எழுதுகிறவர் எதை நம்புவார்? நான் இப்போது மஞ்சள் வரியில் ‘மொபைலில் உள்ளது’ என்றும், பச்சை வரியில் ‘பேக்டரிக்குப் போய்விட்டது’ என்றும் காட்டுகிறேன். மேலே, இன்னும் போகாதவை எத்தனை என்று பெரிய எழுத்தில் ஒரு எண். எடை போட்ட நேரத்தையும் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாலை போட்ட இலை இரவு பத்து மணிக்கு வந்து சேர்ந்தால், பச்சைத் தேயிலை விலை மாறும் மாதக் கடைசி நாளில் அதுவே தகராறாகும்.

பதினைந்து நிமிடம் சும்மா இருந்தால் வெளியே தள்ளிவிடும் லாகின், ஆபீஸ் மேஜைக்குச் சரி. சாக்குக்கும் சாக்குக்கும் நடுவே அரை மணி நேரம் ஓடும் இடத்தில், பாதி எழுதியதை அழித்துவிட்டு பாஸ்வேர்டு கேட்கக் கூடாது.

கையில் பிடிக்கும் பக்கம்

பெரிய மானிட்டருக்கு எழுதிய பக்கத்தை மொபைல் அகலத்துக்குள் சுருக்கினால் பதினான்கு நெடுவரிசை உள்ள அட்டவணை எறும்பு வரிசையாகத் தெரியும். எடை எழுதுகிறவருக்கு உறுப்பினர் எண், எடை, கழிவு என்று மூன்று கட்டம் போதும். மௌஸை மேலே கொண்டுபோனால் விரியும் மெனு விரலுக்கு உதவாது. பட்டனைக் குளிரில் மரத்த விரலுக்கு ஏற்றபடி வையுங்கள். எடைக் கட்டத்தைத் தொட்டால் எண் விசைப்பலகை வர வேண்டும். கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் தொட்டதும் பக்கம் தானாகப் பெரிதாகிவிடும்.

தமிழ்ப் பெயர்களையும் பாருங்கள். பழைய கணக்கில் பாமினி மாதிரியான ஃபான்ட்டில் அடித்த பெயர்கள் மொபைலில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். முதலில் எல்லாவற்றையும் எல்லா மொபைலுக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், டேட்டாபேஸும் அதை ஏற்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பெயர் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். தன் பெயரைக் கேள்விக்குறியாகப் பார்ப்பது யாருக்கும் பிடிக்காது.

படம் அனுப்பும் இடம் இருந்தால் மொபைலிலேயே சின்னதாக்கி அனுப்புங்கள். மஞ்சூர் பக்கம் ஒரு கோடு சிக்னலில் ஐந்து எம்பி படம் எப்போது போய்ச் சேரும்?

யார் எதைப் பார்க்கலாம்

விபிஎன் போட்டாயிற்று, உள்ளே எல்லாம் திறந்திருக்கட்டும் என்பது ஆபத்தான நினைப்பு. ஒரு இடத்தில் விவசாயிக்கு அவருடைய பாஸ்புத்தகப் பக்கத்தை ஆப்பில் காட்டினார்கள். பக்கத்தின் இணைய முகவரியின் கடைசியில் 117 என்று இருந்தது. அதை 118 ஆக்கிப் பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரரின் எடை, முன்பணம், பேங்க் கணக்கு எண் எல்லாம் வந்தது. பட்டனை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. ஒவ்வொரு முறையும் கேட்பவர் யார், இது அவருடையதா என்று சர்வரே சரிபார்க்க வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஊருக்குள் ஒருவரின் கடன் கணக்கு இன்னொருவர் கண்ணில் படக் கூடாது.

எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு வேண்டாம். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கையும் சாவியையும் அன்றைக்கே முடக்குங்கள். அதை யார் செய்வது என்று ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள்.

கடைசியில் சோதனை. ஆபீஸில் உட்கார்ந்து சோதிக்காதீர்கள். இருப்பதிலேயே மலிவான மொபைலை எடுத்துக்கொண்டு, சிக்னல் மோசமான எடை போடும் இடத்துக்கு இலை வரும் நேரத்தில் போங்கள். உண்மையாகவே எழுதுகிறவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள், சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒரு எடையைச் சேமிக்கும்போது வட்டம் சுற்றும் நடுவில் ஃபிளைட் மோடைப் போடச் சொல்லுங்கள். எடுத்துவிட்டு மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். அப்படி மூன்று முறை. பேக்டரிக்குத் திரும்பி டேட்டாபேஸைத் திறந்து அந்த எடைக்கு எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் மறுநாள் மற்ற இடங்களுக்கும் கொடுக்கலாம்.