‘ரைட்டி’யைத் தமிழில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை மக்கெய்சர் மைதானத்துப் போட்டிகளுக்குச் செய்தி எழுதப் பழகும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ரைட்டி’ என்ற சொல்லைக் கண்டதும், நான் அந்த நாளில் விட்ட பிழைகளையே அவர்களும் விடுகிறார்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவரை ஆங்கிலப் பேச்சுவழக்கில் அப்படிச் சொல்வார்கள். ‘லெப்டி’ அதன் சோடி. அமெரிக்க பேஸ்போலில் இரண்டும் அதிகம் புழங்கும்.

வலதுசாரி

இதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஆங்கிலத்தில் ‘ரைட்டி’ அரசியல் வலதுசாரியையும் குறிக்கும். அகராதியை மட்டும் புரட்டுகிறவர் அங்கேதான் சறுக்குகிறார். 1789இல் பிரெஞ்சு தேசிய சபையில் மன்னர் பக்கம் நின்றவர்கள் தலைவருக்கு வலப்புறம் அமர்ந்தார்கள். அரசியலில் வலது, இடது என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. பந்து எறியும் கைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

போர்க்காலத்தில் ஒரு சுற்றுப்போட்டி மலருக்கு எழுதினேன். உவர்மலைப் பொடியன் ஒருவனை ‘வலதுசாரி வேகப்பந்து வீச்சாளர்’ ஆக்கிவிட்டேன். 300 பிரதி அச்சாகி வந்த அன்று பின்னேரமே அவனுடைய தகப்பன் வீட்டு வாசலில் நின்றார். “தம்பி, இவனுக்கு ஏன் கட்சிப் பேர் போட்டீங்கள்?” குரல் நடுங்கியது. அந்த நாட்களில் திருகோணமலையில் ஒரு பையனின் பெயரோடு அரசியல் ஒட்டினால் அந்த வீட்டில் யாருக்கும் நித்திரை வராது. கோதுமை மாப் பசை காய்ச்சி, ‘வலக்கை’ என்று எழுதிய துண்டுக் கடதாசியை 300 பிரதியிலும் ஒட்டி முடிக்க விடிந்துவிட்டது.

மட்டையைப் பார்த்து ஆளை முடிவுசெய்வது

டெண்டுல்கர் வலக்கையால் ஆடினார், இடக்கையால் எழுதுகிறார். இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஜேம்ஸ் ஆண்டர்சன் பந்துவீசுவது வலக்கையால், துடுப்பெடுத்தாடுவது இடக்கையால். ஆகவே ‘வலக்கைத் துடுப்பாட்ட வீரர்’, ‘வலக்கைப் பந்துவீச்சாளர்’ என்று எந்த வேலைக்கு எந்தக் கை என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

வலங்கையர்

வேண்டாம். சோழர் காலத்து வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவுகள்தான் நினைவுக்கு வரும்.

சோத்துக்கைக்காரன்

பேச்சில் நல்ல சொல்தான். சோறு பிசையும் கை சோத்துக்கை. ஆனால் அதைச் சொன்னதும் இடக்கைக்குரிய மற்றச் சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. கழுவும் கையை நினைத்து வைத்த சொல் அது. என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒருத்தி இடக்கையால் எழுதுவாள். ஒருநாள் பக்கத்தில் இருந்தவன் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டான். அவள் ஒன்றும் பேசவில்லை. பேனையை வலக்கைக்கு மாற்றி, கோணல் எழுத்தில் மிச்ச வரியை எழுதி முடித்தாள். அன்றோடு அந்தச் சோடியை என் மேசையில் நிறுத்திவிட்டேன்.