நேட்டால் கப்பல் பட்டியலில் மூதாதையரைத் தேட: பெயரை விட்டுவிட்டு நம்பரைப் பிடியுங்கள்

1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளிகளாக நேட்டாலில் இறங்கினார்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும், குழந்தைகளுக்கும்கூட, கப்பல் வாரியான பட்டியலில் ஒரு வரிசை எண் கொடுக்கப்பட்டது. அதுதான் கொலோனியல் நம்பர். பெயர் நூறு விதமாகத் திரிந்திருக்கும், நம்பர் திரியாது. அதனால் தேடலின் முதல் பாதி முழுக்க அந்த நம்பரைப் பிடிப்பதற்கான வேலைதான்.

வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

தாத்தா, பாட்டி, அவர்களுடைய பெற்றோர் ஆகியோரின் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய சான்றுகளில் அப்பா பெயருக்கோ அம்மா பெயருக்கோ பக்கத்தில் ஐந்தாறு இலக்க எண் ஒன்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் கொலோனியல் நம்பர். சான்றிதழின் வரிசை எண்ணை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கொலோனியல் நம்பர் ஒன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டியதும் நின்றுவிடுகிறது, அதற்கு மேல் போகும் எண் வேறு ஏதோ ஒன்று.

சான்று கையில் இல்லை என்றால் தென்னாப்பிரிக்க உள்துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது சுருக்கச் சான்று கேட்காதீர்கள். 'வால்ட் காப்பி' என்று தெளிவாகக் கேளுங்கள். அது மூலப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், எழுத்தர் கையால் எழுதியது அப்படியே இருக்கும். கம்ப்யூட்டரில் மறுபடி தட்டெழுதிய சான்றில் ஓரத்துக் குறிப்புகள் எல்லாம் போய்விடும். நமக்கு வேண்டிய எண் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. காத்திருப்பு அதிகம் என்றாலும் இதுதான் வேண்டும்.

திருமணத் தேதியைப் பார்த்து மூத்த பிள்ளை அதற்கு முன்பே பிறந்துவிட்டதே என்று கலங்க வேண்டாம். நம் சடங்குப்படி நடந்த திருமணங்கள் பலவற்றுக்குச் சட்ட அங்கீகாரம் இல்லாதிருந்தது. 1913-இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு அதை இன்னும் மோசமாக்கியது. 1914-ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டத்துக்குப் பிறகு பழைய திருமணங்களைப் பதிவு செய்ய வழி பிறந்தது. சான்றில் இருப்பது பதிவு செய்த நாளாக இருக்கலாம், தாலி கட்டிய நாளாக இருக்க வேண்டியதில்லை.

எஸ்டேட் கோப்பு

வீட்டில் நம்பர் கிடைக்கவில்லையா? அடுத்துப் பார்க்க வேண்டியது இறந்தவரின் சொத்துக் கோப்பு. அதில் உள்ள 'டெத் நோட்டீஸ்' ஒரு பக்கம்தான். ஆனால் இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், துணைவர், பிள்ளைகள் எல்லாம் அதில் இருக்கும். மூதாதையர் சொத்து எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை என்று நினைத்து இதைப் பலர் தேடுவதே இல்லை. ஒரு துண்டு நிலம் இருந்தாலும் கோப்பு இருந்திருக்க வாய்ப்புண்டு.

ஃபேமிலி சர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, நேட்டாலின் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் எஸ்டேட் கோப்புகளைப் பாருங்கள். தேடல் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். அட்டவணைப்படுத்தாத பக்கங்களைப் படமாகப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் என்.ஏ.ஏ.ஐ.ஆர்.எஸ். என்ற இணையத் தேடல் வெறும் அட்டவணை, ஆவணம் அங்கே தெரியாது. கிடைக்கும் வரியில் காப்பகம், மூலம், தொகுதி எண், குறிப்பு எண் ஆகிய நான்கையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் காப்பகத்தில் கோப்பை எடுத்துத் தர முடியாது.

அதே தேடலில் மூலம் 'ஐ.ஐ.' என்று வரும் வரிகளைத் தவற விடாதீர்கள். அது இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புத் தொகுதி. தொழிலாளிகளின் புகார்கள், திருமண அனுமதிக் கோரிக்கைகள், ஊர் திரும்பும் மனுக்கள் அதில் இருக்கின்றன. கப்பல் பட்டியலில் ஒரு வரியாக இருந்தவர் இங்கே ஒரு மனிதராகப் பேசுவார். நேரம் குறைவாக இருந்தால் மற்றதை விட்டுவிட்டு இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

கப்பல் பட்டியல்: பலரும் வழுக்கும் இடம்

மூலப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கணினியில் ஏற்றிய பட்டியல் கிடைக்கும். முதலில் கணினிப் பட்டியல், பிறகு மூலப் பட்டியல். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

நம்பர் இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் பெயரில் தேட வேண்டும், சிக்கலும் அங்கேதான். எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முனிசாமி 'மூன்சாமி' ஆனார், பொன்னுசாமி 'பூனூசாமி' ஆனார், சுப்பிரமணி 'சூப்ரமனி' ஆனார். குப்புசாமியை 'கே'யில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் 'சி'யில் தேடுங்கள். 'யு' வரும் இடத்தில் இரட்டை 'ஓ' போடுங்கள். ழகரம் 'எல்' ஆகவும் 'ஆர்' ஆகவும் வரும், ஆகவே பழனியை இரண்டிலும் பாருங்கள். சொல்லின் கடைசியில் 'எம்', 'என்' இரண்டையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

இன்றைய குடும்பப் பெயரைப் போட்டுத் தேடுவதுதான் மிகப் பெரிய தவறு. கப்பலேறியபோது நம்மவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தன் பெயரும் அப்பா பெயரும்தான். கோவெந்தர், மூட்லி, நாயுடு, பிள்ளை எல்லாம் பெரும்பாலும் பின்னால் ஒட்டிக்கொண்டவை. அண்ணன் அப்பா பெயரையும் தம்பி சாதிப் பட்டத்தையும் குடும்பப் பெயராகப் பதிந்திருப்பது சாதாரணம். கூடப்பிறந்தவர்கள் வெவ்வேறு குடும்பப் பெயரில் இருந்தால் உறவில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

வரி கிடைத்ததும் நம்பிவிடாதீர்கள். பட்டியலில் அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம், வேலை கொடுத்தவர் என்று பல பத்திகள் உண்டு. வயது கண்ணால் பார்த்துப் போட்ட மதிப்பு, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்பா பெயர், வேலை செய்த தோட்டம், கூட வந்தவர்கள் ஆகிய மூன்றும் வீட்டுத் தகவலோடு பொருந்தினால் மட்டும் நம்மவர் என்று எழுதுங்கள். குடும்பமாக வந்தவர்களின் எண்கள் அடுத்தடுத்து வரும். அதனால் மேலே பத்து வரி, கீழே பத்து வரி படிப்பது கட்டாயம். மனைவியும் பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள்.

ஆண்டையும் சரிபாருங்கள். 1866-இல் நின்றுபோன ஆள் கொண்டுவருதல் 1874-இல்தான் மீண்டும் தொடங்கியது. "தாத்தா 1870-இல் கப்பலில் வந்தார்" என்று வீட்டில் சொன்னால் ஆண்டு தவறு, அல்லது அவர் ஒப்பந்தத்தில் வரவில்லை.

கிராமத்தைப் பிடிப்பது

ஜில்லா பெயர் பழைய மெட்ராஸ் மாகாணக் கணக்கு. வட ஆற்காடு என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலையின் பெரும்பகுதி மட்டும் அல்ல, ஆந்திராவின் சித்தூர்ப் பக்கமும் சேர்த்தி. தென் ஆற்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. சேலம் என்றால் நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கமும் உள்ளே. மெட்ராஸில் கப்பலேறியவர் எல்லாரும் தமிழர் அல்லர், தெலுங்கரும் ஏராளம்.

தாலுகாவை முதலில் உறுதி செய்யுங்கள். 'வாண்டிவாஷ்' வந்தவாசி, 'செல்லம்ப்ரம்' சிதம்பரம், 'காஞ்சீவரம்' காஞ்சிபுரம், 'மாயாவரம்' மயிலாடுதுறை. கிராமப் பெயரை வாய்விட்டு ஆங்கில உச்சரிப்பில் படித்துப் பார்த்தால் தமிழ்ப் பெயர் தானாக வரும், கண்ணால் மட்டும் படித்தால் வராது. ஒரே தாலுகாவில் ஒரே பெயரில் இரண்டு மூன்று கிராமங்கள் இருக்கும். அப்போது வீட்டில் கும்பிடும் குலதெய்வத்தின் பெயர் உதவும். எந்தக் கிராமத்தில் அந்தக் கோயில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

எழுதி வைப்பது

தொடக்கத்தில் வம்சாவளி மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு எக்செல் தாள் போதும். மென்பொருள் முதல் நாளே குடும்பப் பெயர் கேட்கும், இல்லாத ஒன்றைப் போட்டு நிரப்பச் சொல்லும். ஆவணத்தில் இருந்த எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பத்தி, நீங்கள் புரிந்துகொண்ட தமிழ்ப் பெயருக்கு இன்னொரு பத்தி, எடுத்த இடத்துக்கு மூன்றாவது. முதல் பத்தியை எக்காரணத்தைக் கொண்டும் திருத்தக் கூடாது.

பின்சேர்க்கை: பட்டியலில் ஆளே இல்லை என்றால்

சொந்தக் காசில் வந்தவர்களும் மொரீஷியஸிலிருந்து நேட்டாலுக்கு வந்த தமிழர்களும் இந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கொலோனியல் நம்பர் கிடையாது. என்.ஏ.ஏ.ஐ.ஆர்.எஸ். தேடலில் 'ஐ.ஆர்.டி.' என்ற குடியேற்றக் கட்டுப்பாட்டுத் துறை மூலத்தைப் பாருங்கள். மொரீஷியஸ் வழி என்று சந்தேகம் இருந்தால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில் தேடுங்கள். அங்கேயும் வந்தவர்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள், அது தனி வரிசை. நேட்டால் எண்ணை அங்கே கொண்டுபோய்த் தேடினால் வேறு யாரோ ஒருவர் வருவார்.